எச்.எம்.டி.யை வீழ்த்தியது கைபேசி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் வாட்ச் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கைபேசி வந்ததால்தான் எச்.எம்.டி.யின் கதை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. இந்தியாவில் கைபேசிச் சேவை தொடங்கியதே 1995-இல். அதற்குள் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடும் வாட்ச் மாறிவிட்டது. 1978-இல் அக்கா வீட்டுக்காரருக்கு எச்.எம்.டி., 1991-இல் தங்கை வீட்டுக்காரருக்கு டைட்டன்.

உண்மையான காரணம் குவார்ட்ஸ், அதாவது சாவி கொடுக்காமல் பேட்டரியில் ஓடும் வாட்ச். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை நாலரை லட்சம் யென், அன்றைக்கு ஒரு கார் வாங்குகிற காசு. ஆனால் மாதத்துக்கு ஐந்து விநாடிதான் முன்னே பின்னே போகும். அப்புறம் விலை மளமளவென்று இறங்க, ஸ்விட்சர்லாந்திலேயே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த அலைதான் டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சாக நம்மூருக்கும் வந்தது.

அப்பாவிடம் எச்.எம்.டி. ஜனதா இருந்தது. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்று வானொலியில் குரல் கேட்டதும் கழற்றி, முள்ளைச் சரிசெய்து, சாவி கொடுத்து, காதில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவார். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போவது அந்த ரக வாட்சுக்குச் சகஜம், யாரும் குறையாக நினைத்ததில்லை. ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்புச் சிவப்பாகக் கற்கள், நடுவில் விநாடிக்கு ஐந்து தடவை துடிக்கும் ஒரு குட்டிச் சக்கரம். பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கித் தொடங்கிய ஆலை, சாதாரண குமாஸ்தாவும் வாத்தியாரும் வாங்குகிற விலையில் அப்படி ஒரு பொருளைத் தந்தது பெரிய விஷயம், அதை யாரும் மறுக்க முடியாது. 1980-களில் அவர்களும் குவார்ட்ஸ் செய்தார்கள். ஆனால் மனசு முழுக்கச் சாவி கொடுக்கிற வாட்சிலேயே இருந்தது. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது அந்த நீண்ட சரிவின் கடைசிப் படி, அவ்வளவுதான்.

கட்டுரையில் டைட்டன் ஆலை இருக்கிற ஓசூரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வருத்தம். டாடாவோடு சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கியது நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. இன்றும் டைட்டனின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் டிட்கோதான், இது நம்மில் பலருக்குத் தெரியாது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பல ஊர்களிலிருந்து பிள்ளைகளை எடுத்து, வாட்ச் கோக்கக் கற்றுக்கொடுத்தார்கள். விரல் நுனியில் ஒட்டினால் கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை எடுத்து வைக்கிற வேலை! அந்த முதல் அணியினர் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருப்பார்கள். உங்கள் நிருபரை ஒருமுறை ஓசூருக்கு அனுப்பி, அவர்களிடம் பேசி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், சேலம்