பழைய கல்லை அதே சுவரில் வையுங்கள்: எங்கள் ஊராட்சியின் தனி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தனி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் கேட்டது, அதற்குப் பொறியாளர் சொன்ன பதில், அப்புறம் கார்த்திகை மழையில் நடந்தது எல்லாமே உங்கள் காதுக்கு வந்தவைதான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கூடத்தைப் புதுப்பித்தபோது முன்சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய கல்வெட்டை, கூடம் கட்டிய காலத்துக் கல்லை, அதே சுவரில் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். அது இருந்த இடத்தில் வைத்த புதுக் கல்வெட்டை எடுக்கச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்தில் பழையதும் இருக்கட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கல் இப்போது கூடத்தின் பின்னால், கழிப்பறைக்கும் மதிலுக்கும் நடுவில், உடைத்துப் போட்ட காரைக்கட்டிகளோடு கிடக்கிறது. வேலை நடந்தபோது அதன் மேல்தான் கலவை குழைத்திருக்கிறார்கள். 1962 என்ற எண்ணின் நடு இரண்டு இலக்கங்களில் சிமெண்ட் இறுகிப் போயிருக்கிறது. நிலம் கொடுத்த அம்மாளின் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. நல்ல வேளையாகக் கடைசி வரி தப்பியது. இந்தக் கூடம் ஊரில் உள்ள எல்லாத் தெருவாருக்கும் வேற்றுமையின்றிப் பொது என்று சொல்லும் வரி அது. கொத்தனார்களை நான் குறை சொல்ல மாட்டேன். மட்டமான கருங்கல் பலகை ஒன்று கையருகே கிடந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அது என்ன கல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிராம சபையில் கேட்டபோது பொறியாளர் சொன்ன பதில், "எஸ்டிமேட்டில் அதற்கு ஐட்டம் இல்லை." உண்மைதான், இருக்காது. ஆனால் பெயர்த்து எறிவதற்கு மட்டும் எந்த எஸ்டிமேட்டில் ஐட்டம் இருந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். பெரியவர்கள் கையமர்த்தினார்கள், உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கூட்டமே வெளியே பந்தல் போட்டுத்தான் நடந்தது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். வேலை முடிந்த கூடம் பூட்டியிருந்தது.

கல்லில் இருப்பது வெறும் பெயர் இல்லை ஐயா. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் புதிதாக அமைந்துகொண்டிருந்த காலம் அது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பேச்சு ஊருக்கு ஊர் நடந்தது. கிராம சேவக் என்று ஒருவர் சைக்கிளில் வருவாராம். அரசு கொஞ்சம் தரும், மீதியை ஊர் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஊரில் பணம் ஏது? மேலத்தெருவில் தனியாக வாழ்ந்த ஓர் அம்மாள் 36 குழி மனையைத் தானமாக எழுதிக் கொடுத்தார். நிலம் வைத்திருந்தவர்கள் குறுவை அறுப்பில் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளந்தார்கள். நிலம் இல்லாதவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். ஆற்றோரம் காளவாய் போட்டுச் செங்கல் சுட்டது, சுண்ணாம்பு அரைத்தது, பனங்கை சுமந்தது எல்லாம் பெரும்பாலும் காலனிக்காரர்கள்.

இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பொது என்று கல்லில் வெட்டி வைத்த பிறகும், செங்கல் சுமந்தவர்கள் ரொம்ப நாள் வரை வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து ரேடியோவைக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்டார்கள். அந்த வரி வெட்டப்பட்ட ஆறே ஆண்டில், 1968 டிசம்பர் 25 அன்று, இதே பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில், அதற்கு முன்னாலேயே, வேற்றுமையின்றி என்று ஒருவர் எழுதச் சொல்லியிருக்கிறார். தானப் பத்திரத்திலும் அதே நிபந்தனை இருக்கிறது. பின்னாளில் காலனிப் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தபோது முகம் சுளித்தவர்களுக்கு யாரும் சட்டம் பேசவில்லை. அந்தக் கல்லைத்தான் கைகாட்டினார்கள். எனக்கு விவரம் தெரிந்து இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

அதற்கப்புறம் கூடம் எத்தனையோ வேலை பார்த்துவிட்டது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது தனிக் கட்டடம் கட்டும் வரை பின்தாழ்வாரத்தில்தான் அடுப்பு எரிந்தது. ரேடியோ போய் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்த பிறகு அதுவும் போயிற்று. ஓட்டுச்சாவடி, தடுப்பூசி முகாம், வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம், எதற்கும் அது இல்லை என்று சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது ஊரில் பாதிக் கூரை பறந்துவிட்டது. தென்னை வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் ஒன்றுமில்லாதவர்களாக ஆனார்கள். நான்கு தெருச் சனமும் அந்தக் கூடத்துக்குள்தான் படுத்து எழுந்தது. ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினோம். அன்றைக்கு யார் திண்ணை, யார் உள்ளே என்று யாரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தால் கார்த்திகை மழையில் நடந்தது நடந்திருக்காது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அன்று ராத்திரி கீழத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். குழந்தைகளையும் கிழடுகட்டைகளையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போலக் கூடத்துக்குத்தான் வந்தோம். புதுக் கதவு, புதுப் பூட்டு. சாவி ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது, அவர் டவுனில் இருக்கிறார் என்றார்கள். போன் போட்டால், திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கியாகவில்லை, அதற்கு முன்னால் திறந்தால் தனக்குப் பிரச்சினை என்றார். உள்ளே டைல்ஸ் வழவழவென்று காய்ந்து கிடந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக எங்கள் பிள்ளைகள் அதை நன்றாகவே பார்த்தார்கள். நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி முன்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். புதுசாகக் கட்டிய முகப்பில் தூண்கள் அழகாக இருக்கின்றன. சாரலைத்தான் தடுக்கவில்லை. பழைய திண்ணை இருந்திருந்தால் சாய்ந்தாவது உட்கார்ந்திருப்பாள். அதையும் இடித்துவிட்டீர்கள். காலையில் ஊராட்சிச் செயலர் வந்து, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். அவர் கையில் எது இருந்ததோ அதை அவர் செய்தார், குறையில்லை.

பூட்டை உடைக்கலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். அரசாங்கச் சொத்து, கேஸ் ஆகிவிடும் என்று நாங்களே தடுத்தோம். எங்கள் ஆட்கள் சுட்ட செங்கல்லில் எழுந்த கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு, அது யாருடையதோ என்பதுபோல நாங்களே பேசினோம். ஒரு ரிப்பன் வெட்டப்படாததால் ஒரு ஊர் நனைந்தது. முன்சுவரில் அந்தக் கல் இருந்திருந்தால் ஒப்பந்ததாரருக்கு இல்லாவிட்டாலும் எங்களுக்காவது தைரியம் வந்திருக்கும்.

சரி, கல் இருந்த இடத்தில் இப்போது இருப்பதையும் பார்த்துவிடுவோம். பளபளக்கும் கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. யார் திறந்து வைப்பது, யார் தலைமை, யார் முன்னிலை என்று வரிசை. திறப்பு விழா நடக்காததால் தேதிக்கு மட்டும் இடம் காலி. கடைசி வரியில் பொடி எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர், அதிலும் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. நம் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. பேருந்து நிழற்குடை என்று கட்டுகிறார்கள், நிழல் விழுகிற இடத்தைவிடப் பெயர் எழுதிய பலகை அகலமாக இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் செய்யும் வேலைக்குச் செலவுத் தொகை, தொடங்கிய நாள், முடித்த நாள் எல்லாம் போட்டு நிரந்தரமாகக் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையே இருக்கிறது. நல்லதுதான், வைக்கட்டும். வரிப்பணத்தை ஒதுக்கியவருக்குக் கல் உண்டு, சொந்த மனையை எழுதிக் கொடுத்தவருக்குக் கலவை பூசிய முதுகு. கொடுத்தவர் பெயரை அழித்துவிட்டு ஒதுக்கியவர் பெயரை எழுதும் ஊர் என்று எங்களைப் பேரப்பிள்ளைகள் சொல்லக் கூடாது பாருங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் நிலைமையும் எங்களுக்குப் புரிகிறது. 2025 ஜனவரியில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து வட்டாரத்தின் எல்லா ஊராட்சிகளையும் நீங்கள் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறது. தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கல் விவகாரம் அவர் வீட்டுத் திண்ணையோடு முடிந்திருக்கும், உங்கள் வரைக்கும் வந்திருக்காது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரம் பத்திரம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூடிஆர் என்று நில ஆவணங்களைத் திருத்தி எழுதிய காலத்துக் குழப்பத்தில் அந்த மனை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் வெறும் நத்தமாக ஏறிவிட்டது. தானம் என்ற பேச்சே அதில் கிடையாது. கணினியில் அந்த ஆண்டு வரவில்லை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மேனுவலாக மனுப் போட்டு, நகல் எடுத்து, உங்களிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். ஊராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. இன்றைக்கு அந்தக் கூடத்தின் கதைக்குச் சாட்சி என்று மிஞ்சியிருப்பது அந்த நகலும், சிறுவர்களாக மண் சுமந்த நாலைந்து கிழவர்களும், கழிப்பறைக்குப் பின்னால் கிடக்கும் கல்லும்தான். கிழவர்களை அடுத்த மழை வரைக்கும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே தாழ்மையுடன் திரும்பவும் கேட்கிறோம். பழைய கல்லைக் கழுவி, ஜனவரி 26 கிராம சபைக்கு முன் அதே சுவரில், கண்ணில் படும் உயரத்தில் பதிக்க உத்தரவிடுங்கள். அன்றைய கூட்டத்தைக் கூடத்துக்குள்ளேயே நடத்துங்கள். மிஞ்சியிருக்கும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட கதையையும் சேர்த்துத்தான். சாவியில் ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் எப்போதும் இருக்கட்டும். திறப்பு விழாவை யார் தேதி கொடுக்கிறார்களோ அவர்கள் வசதிப்படி நடத்திக்கொள்ளுங்கள், நாங்களும் வந்து கை தட்டுகிறோம்.

எஸ்டிமேட்டில் ஐட்டம் இல்லை என்று மறுபடியும் பதில் வருமானால், செலவை ஊரே ஏற்றுக்கொள்ளும். ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு கொத்தனார், அரை நாள் வேலை. கல்லைத் தூக்க ஆறு பேர் வேண்டும். எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், கடப்பாரையோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழத்தெருவாசி ஒருவன்