பின்னறை காலியாக இருக்கிறதா?

திருநெல்வேலி
10.8.2025

அன்புள்ள கோமதி,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் கூப்பிட்டால் முழங்கால் வலியைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை இறங்கியதா? பேரனுக்கு என் முத்தம். இங்கே எல்லோரும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். முக்கூடல் பீடிக்காரம்மா மகளை உனக்கு நினைவிருக்கும். போன பொங்கலுக்கு நீ வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளே, அவள்தான். பி.காம். முடித்துவிட்டாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. இப்போது சென்னையில் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில், பிரதமர் இன்டர்ன்ஷிப் என்கிற வேலைப் பயிற்சித் திட்டத்தில், ஒரு வருடத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்ததும் அவள் அம்மா மடியில் இருந்த சுளகைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே எழுந்து ஓடி வந்தாள். என் வாசல் முழுக்கப் பீடித் தூள். அதைப் பெருக்க எனக்கு மனசு வரவில்லை, சாயந்திரம் வரை அப்படியே கிடந்தது.

திட்டம் 2024 அக்டோபரில் ஆரம்பித்தது. நாட்டின் 500 பெரிய கம்பெனிகள், 21 முதல் 24 வயது, குடும்ப வருமானம் வருடத்துக்கு 8 லட்சத்துக்குள். ஐஐடி, ஐஐஎம்மில் படித்தவர்களுக்கு இடம் கிடையாது. அந்த ஒரு வரியைப் படித்ததும் யாரோ நம் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அவள் படித்த கல்லூரிக்கு மூன்று வருடத்தில் ஒரு வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ வேலைக்கு ஆள் எடுக்க வந்ததில்லை. சிபாரிசுக்கு ஒரு மாமா சித்தப்பா கிடையாது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் கணக்கைப் பார். மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசு தருவது, 500 கம்பெனி தருவது. சேரும்போது ஒரே ஒரு தடவை 6,000. சென்னையில் நான் விசாரித்த பெண்கள் விடுதிகளில் குறைந்தது 7,500 கேட்கிறார்கள், அதுவும் நாலு பேருக்கு ஒரு அறை. அப்புறம் பஸ், ரயில், மதியச் சாப்பாடு, உடம்புக்கு ஏதாவது வந்தால் மருந்து. மாதா மாதம் நாலாயிரம் ஐயாயிரம் துண்டு விழும். பீடி சுற்றி அந்தத் துண்டை அடைக்க முடியுமா?

இது இவள் ஒருத்தி கதை இல்லை. முதல் சுற்றில் கம்பெனிகள் 1.27 லட்சம் இடங்களை அறிவித்தன. 82,000க்கு மேல் ஆஃபர் போனது. கடைசியில் போய்ச் சேர்ந்தது 8,700 பேர்தான். இடம் தூரம், காலம் நீளம் என்று அரசே காரணம் சொன்னது. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டிருப்பார்கள்!

நம் காலத்தை நினைத்துப் பார். பி.எஸ்.ஆர்.பி. என்கிற வங்கித் தேர்வு எழுதினோம், நேர்காணல் முடிந்தது, முதல் மாதமே முழுச் சம்பளம். லெட்ஜர் எழுதத் தெரியாது, டோக்கன் கொடுக்கத் தெரியாது, அன்றைய கணக்கு எழுதும் டே புக் நேராகாமல் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்தோம். கணக்கில் இடித்த அந்த 37 பைசா! நாம் கற்றுக்கொண்ட காலம் முழுக்க வங்கி நமக்குச் சோறு போட்டது. நீயும் நானும் அந்த முதல் வருடத்தைச் சொந்தக் காசில் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தால், கோமதி, நீ அரவை மில்லில் கணக்கு எழுதியிருப்பாய், எனக்கு அந்த வருடமே கல்யாணம் ஆகியிருக்கும்.

வங்கியில் அப்ரன்டிஸ், அதாவது உதவித்தொகையோடு பயிற்சி, கிடைத்திருந்தால் இவ்வளவு தவிப்பு இல்லை. போன வருடம் இந்தியன் வங்கி 1,500 பேரை எடுத்தது, தமிழ்நாட்டுக்கு 277 இடம். பெருநகர, நகரக் கிளைகளில் 15,000, மற்ற ஊர்களில் 12,000. அந்தப் பணத்தில் ஒரு பெண் தலை நிமிர்ந்து தங்கிப் படிக்கலாம். இவளும் எழுதினாள், கொஞ்சத்தில் போய்விட்டது. ஆங்கிலம்தான் காலை வாரியது. திரும்ப எழுதத்தான் போகிறாள், வயசு இருக்கிறது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இவர்கள் தெருவிலேயே இன்னொரு பெண்ணுக்குப் போன வருடம் ஒரு தனியார் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்று சொன்னார்கள். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் 50 பேர் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். சித்தி, பெரியம்மா, கல்லூரி டீச்சர் என்று எழுதினாள். அப்புறம் அத்தனை பேரிடமும் போய் பாலிசி விற்கச் சொன்னார்கள். மூன்று மாதம் அலைந்தாள். ஒரு பைசா தரவில்லை. சித்தி கட்டிய பிரீமியம் இரண்டாம் தவணையோடு நின்றுபோய், இன்று அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏழை வீட்டுப் பெண்ணின் உறவுகளையே சந்தையாக்குவதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இவளுக்கு வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எந்தப் பிரிவு, யாருக்குக் கீழே, டார்கெட் உண்டா என்று மூன்றையும் கேட்டேன். விற்பனை கிடையாது, பாலிசிப் பணம் கேட்டு வரும் க்ளெய்ம் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை என்றார்கள். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாலிசியில் வேறு பெயர், நாமினி உயிரோடு இல்லை, இப்படி. நம் நகைக்கடன் மேஜையில் நாம் பார்க்காத பெயர்க் குழப்பமா? அந்த வேலை அவள் கைக்கு நன்றாகப் படியும். ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தால், அடுத்த நேர்காணலில் அவள் வெறும் பி.காம். இல்லை.

இப்போது கேட்கிறேன். அம்பத்தூர் வீட்டில் உன் பின்னறை இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? ஒரு வருடம் அவள் அங்கே தங்கட்டும். ஆபீஸ் அண்ணா சாலையில். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்தால் போய்விடலாம். சாப்பாட்டுக்கு மாதம் 2,500 நான் அனுப்புகிறேன், அதில் மட்டும் நீ வழக்காடக் கூடாது. வள்ளியூர்ப் பையன் விஷயத்தில் நீ பட்டது எனக்குத் தெரியும். அவனையும் இவளையும் ஒரே தராசில் வைக்காதே. இவள் குளித்த வாளியைக்கூடக் கவிழ்த்து வைக்கிற பெண். உன் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். நீ அவளோடு தினமும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினால் போதும். நம் கிளையில் மேனேஜரையே ஆங்கிலத்தில் மடக்கியவள் ஆயிற்றே நீ!

அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுச் சொல். முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் சீக்கிரம் சொல்லிவிடு, வேறு இடம் பார்க்க எனக்கு நாள் வேண்டும். முடியும் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டு நாள் உன்னோடு இருந்துவிட்டுத் திரும்புவேன். அல்வா வேண்டுமா, அண்ணாச்சி கண்ணில் படாமல் உனக்கு மட்டும்?

உன்
தங்கம்