கான் தூர்ந்தால் மண் போகும்

ஆசிரியருக்கு,

மழை நாளில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)க் கீழே ஓடை பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. போவது மலையின் மேல்மண். ஒரு அங்குலம் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். கரைய ஒரு பருவமழை போதும்.

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். அப்போது செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்ததும் வெட்டிய கிளைகளைச் செடியடியிலேயே போடுவோம். அது மக்கி, மண்புழு வந்து, மண் பொலபொலவென்று இருக்கும். இப்போது கிளைகள் அடுப்புக்குப் போகின்றன (நானும் எடுத்தவள்தான், விறகுக்கு வேறு வழி?). மக்கிய இலைதழை இல்லாத மண்ணில் உரம் போட்டாலும் பாதி மழையோடு போய்விடும்.

மழைநீர் வடிந்தோட வெட்டிய கான்களும் தூர்ந்து கிடக்கின்றன. சரிவில் தேயிலை வேர் வெளியே தெரிகிறது. ஒக்டோபர் மழைக்கு முன் கான் வெட்டத் தோட்ட நிர்வாகத்தார் ஆள் போடுவார்களா?

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
அட்டன்.