ஃப்யூயல் பம்ப்: கெட்ட பாகத்தை மட்டும் கொடுங்கள்

மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவினருக்கும் உதிரிபாகப் பிரிவினருக்கும்,

வணக்கம். தன் வண்டியின் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவனின் கோரிக்கை இது. டேங்குக்குள் இருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ஃப்யூயல் பம்ப் யூனிட்டில் எந்தப் பாகம் கெடுகிறதோ அதைத் தனியாக விலைக்குக் கொடுங்கள். அதை மாற்றும் முறையையும் வண்டியோடு தரும் புத்தகத்திலேயே அச்சிடுங்கள்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பம்ப்பே தேவைப்படவில்லை. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, பெட்ரோல் தானாக இறங்கி வந்தது. இப்போது கார்புரேட்டருக்குப் பதிலாக வரும், பெட்ரோலை நுண்துளிகளாகத் தூவும் இன்ஜெக்டருக்கு அது போதாது. பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தோடு பெட்ரோல் வந்தால்தான் அது சரியாகத் தூவும். கவாஸாகி 1980லேயே இஸட்1000 வரிசையில் இன்ஜெக்‌ஷன் வண்டியை விற்றது. ஹோண்டா 1982ல் சிஎக்ஸ்500 டர்போவைக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய தொழில்நுட்பத்தை இன்னும் வண்டிக்காரரிடமிருந்து மூடி வைக்கவேண்டிய அவசியம் என்ன?

அந்த யூனிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன மின் மோட்டார், அதன் அடியில் பை போன்ற வலை வடிகட்டி, பக்கத்தில் அழுத்தத்தைச் சீர்செய்யும் ரெகுலேட்டர், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை. இவற்றையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடு பிடித்துக்கொண்டிருக்கிறது, டேங்கோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங் இருக்கிறது. பழைய வண்டி என்றால் வலை வெள்ளையாக இருக்காது. பழுப்பேறி, டேங்கின் துருத்தூள் மாவு போல அப்பியிருக்கும். விரலால் தேய்த்தாலும் போகாது. மோட்டார் நன்றாக இருந்தும், உறிஞ்ச வழியில்லாமல் வண்டி மேட்டில் திணறும். மாற்றவேண்டியது அந்த வலை ஒன்றைத்தான். ஆனால் உங்கள் உதிரிபாகப் பட்டியல்கள் பலவற்றில் ‘பம்ப் அசெம்பிளி’ என்று ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. நல்ல மிதவை, நல்ல ரெகுலேட்டர், நல்ல கூடு எல்லாம் குப்பைக்குப் போகின்றன.

இன்னொன்று, பம்ப் மேல் பழி விழும் பல சமயங்களில் குற்றவாளி பம்ப்பே அல்ல. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும், லைனில் அழுத்தம் ஏறும் சத்தம் அது. சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார், கனெக்டருக்குள் பச்சை பூத்த உலோக ஊசி என்று பார்க்க நிறைய இருக்கிறது. அந்த இரண்டு மூன்று நொடிக்குள் பம்ப் கனெக்டரில் பேட்டரி வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். கரன்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் மோட்டார் போச்சு என்று சொல்லலாம். சத்தம் வந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் அழுத்தத்தை அளக்கவேண்டும். அளப்பதற்கு கேஜ் கிடைக்கிறது. எத்தனை இருக்கவேண்டும் என்ற எண்தான் கையேட்டில் இல்லை. அந்த ஒரு வரியை அச்சிடாததால் நல்ல பம்ப்புகள் கழற்றி எறியப்படுகின்றன.

பெட்ரோல் ஆபத்து, வீட்டில் செய்யும் வேலை இல்லை என்பீர்கள். ஆபத்துதான், மறுக்கவில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் பொறியில் பற்றும். ஆனால் நீங்கள் சொல்லித்தராததால் யாரும் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதில்லை. தெரியாமல் செய்கிறார்கள். வேறு வண்டியின் மோட்டாரைப் போட்டுக் கட்டுகிறார்கள். டேங்குக்குள் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடுகிறார்கள். அந்த ஹோஸ் உள்பக்கம் பெட்ரோலைத் தாங்கும். முழுக்க மூழ்கிக் கிடந்தால் வெளிப்பக்கம் ஊறிக் குழைந்து, பிறகு வெடித்துப் பிளக்கும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே30ஆர்10 தரத்தில் ஹோஸ் இருக்கிறது என்பதை எந்த வண்டிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஓ-ரிங் தனியாகக் கிடைக்காதபோது நீட்டித் தளர்ந்த பழையதையே பசை தடவிப் போடுகிறார்கள். கசிந்தால் சொட்டுவது சூடான இன்ஜின் மேல்.

ஆகவே பயமுறுத்துவதை விட்டுவிட்டு முறையை எழுதுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வேலையைத் தொடங்கவேண்டும். திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் பக்கத்தில் இல்லாமல், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யவேண்டும். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைனின் அழுத்தத்தை இறக்கவேண்டும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றவேண்டும். அப்படியும் பைப்பை எடுக்கும்போது கொஞ்சம் சிந்தும், துணி சுற்றிக்கொள்ளவேண்டும். யூனிட்டைத் தூக்கும்போது மிதவையின் கம்பி வளையாமல் சாய்த்து எடுக்கவேண்டும், வளைந்தால் பெட்ரோல் முள் பொய் சொல்லும். மாட்டும்போது புது ஓ-ரிங். போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் குறித்த டார்க்குக்கு, அதாவது முறுக்கு அளவுக்கு, இறுக்கவேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் பிளாஸ்டிக் தட்டு கோணும். கடைசியில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் சில தடவை திருப்பி, கசிவு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும். இவ்வளவுதான். இரண்டு பக்கம் பிடிக்குமா?

அதோடு, டேங்கை ஒருபோதும் வறள விடாதீர்கள், மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் என்ற வரியையும் தடித்த எழுத்தில் போடுங்கள். பல பம்ப்புகள் இன்னும் கொஞ்ச காலம் வாழும்.

பழுதுபார்க்கும் தகவலைக் கொடுப்பது நடக்காத காரியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013ஆம் ஆண்டின் 168ஆம் எண் ஒழுங்குமுறைப்படி இரு சக்கர வண்டித் தயாரிப்பாளர்கள் அந்தத் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் திறந்துவிடவேண்டும். அங்கே பட்டறைக்குப் போகும் தாள்களைச் சுருக்கி, எல்லா இடத்திலும் வண்டி வாங்கியவர் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புது மாடல்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கே மோட்டார், வலை, ரெகுலேட்டர், ஓ-ரிங் நான்குக்கும் தனித்தனி பாக எண் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் ஓ-ரிங்கில் தொடங்குங்கள். கசிவைத் தடுப்பது அதுதான், நான்கில் மலிவானதும் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை ஓட்டும் ஒருவன்