எல்லோருக்கும் நன்றி, பஸ் அங்கிளுக்குக் கொஞ்சம் கூடுதலாக

தாராவி, சயன், மாட்டுங்கா, ஆராம் நகர் ஆட்களுக்கும், இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்து என்னைப் பத்திரமாக ஏற்றி அனுப்பியவர்களுக்கும்,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் மட்டும் பக்கத்து வீட்டுப் பசங்க இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள், மற்றபடி நானே நடந்துதான் வந்தேன். ஷோ டூருக்குப் போன இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட அது நன்றாகத் தெரியும், நான் மயக்கத்தில் கிடந்தேன், நீங்கள்தான் விடிய விடிய ஃபோனில் இருந்தீர்கள். எடை தூக்கக் கூடாது, உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. உடம்பு சரியான பிறகு எழுதலாம் என்று விட்டால் வேலை வந்துவிடும், எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில் பணம். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் தாண்ட முடியாது. இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்த்து அனுப்பினால் வெளியூர்க்காரர்களுக்கும் காசு கிடையாது, ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் அங்கிருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கும், அதுவும் எங்களைப் போலக் குறுகிய விசாவில் போனவர்களுக்கு வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. இன்ஷூரன்ஸ் கதையை இங்கே இழுக்கவில்லை, அதைப் பேச ஆரம்பித்தால் நன்றி மடல் வேறு மாதிரி ஆகிவிடும். ஃபிலிம் சிட்டியில் லைட்மேன்களும், செட்டில் எடுபிடி வேலை பார்க்கும் ஸ்பாட் தாதாக்களும் ஷூட்டிங் பேக்கப் ஆனதும் அன்றைய கன்வேயன்ஸ் காசை அப்படியே எடுத்துக் கொடுத்தார்களாம். அந்தக் காசில்தான் அவர்கள் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், எனக்குத் தெரியாதா? டான்ஸ் பசங்க, மாஸ்டர்ஜி, ஹேர் டிரெஸ்ஸர் அக்காமார்கள், பெயரைச் சொன்னால் இனிமேல் பேசவே மாட்டேன் என்று மிரட்டி வைத்திருக்கும் ஒரு நடிகை, சீட்டில் தனக்கு விழுந்த முறையை என் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்த மதினி, எல்லோருக்கும் நன்றி.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களும் அதே அளவு பேர். நான் இல்லாத நாளெல்லாம் விடியற்காலையில் தண்ணீர் வரும்போது எங்கள் டிரம்மையும் சேர்த்து நிரப்பிய பிள்ளைகள், அம்மாவை சயன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்ற சித்தி, நோட்டில் எழுதாமலே சாமான் கொடுத்த 90 அடி சாலைக் கடை அண்ணாச்சி (நோட்டில் எழுதுங்க அண்ணாச்சி, நான் வந்து பார்ப்பேன்), மாட்டுங்காவில் இருந்து வாரம் தவறாமல் மிளகு ரசப்பொடி கொடுத்து அனுப்பிய மாமி. மாமி, உங்கள் மூன்று பிளவுஸும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன, கல்யாணத்துக்குள் முடித்துவிடுவேன்.

இவ்வளவு பேரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒரே ஒரு ஆளைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், யாரும் கோபப்படாதீர்கள். அவர் காசு எதுவும் தரவில்லை. எங்களுக்கு பஸ் ஓட்டினார்.

முதலில் என் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். மேடை ஷோக்களில் துணி தைத்து, உடை மாற்றிவிடும் வேலை. டிவியில் ஷோவைப் பார்க்கிறவர்களுக்கு ஹீரோயின் ஒரு பாட்டில் பச்சை லெஹங்காவில் போய் அடுத்த பாட்டில் சிவப்புப் புடவையில் வருவதுதான் தெரியும். நடுவில் இருக்கும் அந்த ஒரு நிமிஷம் எங்களுடையது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் இருட்டு, வாயில் சின்ன டார்ச், ஒருத்தி முதுகுப்பக்கம் கழற்ற, இன்னொருத்தி முன்பக்கம் மாட்ட, மூன்றாவது ஆள் தண்ணீர் பாட்டிலோடு. புடவையை முன்னாலேயே மடிப்பு வைத்துத் தைத்துப் பாவாடை மாதிரி ஆக்கியிருப்போம். கொக்கிக்குப் பதிலாகப் பல இடத்தில் வெல்க்ரோதான், ஆனால் வெல்க்ரோவை நம்பிக் குதிக்க முடியாத இடத்தில் கொக்கிதான் வேண்டும். ஒவ்வொரு டிரங்குப் பெட்டிக்குள்ளும் பாட்டு வரிசைப்படி துணி இருக்கும், ஒரு பாட்டு மாறினாலும் அடுக்கு முழுக்க மாற வேண்டும். டிரைகிளீனிங் கொடுக்க நேரமில்லாத ஜரிகைத் துணியில் வியர்வை வாடை போக வோட்காவில் தண்ணீர் கலந்து தெளிப்போம், இது உலகம் முழுக்க நாடகக்காரர்கள் செய்கிற வேலைதான். கஸ்டம்ஸில் ஒரு தடவை அந்த ஸ்ப்ரே பாட்டிலுக்கு நான் விளக்கம் சொன்ன கதை தனி.

உலகம் சுற்றினவள் என்று நம் தெருவில் என்னைச் சொல்வார்கள். சுற்றினேன்தான். டர்பன், போர்ட் ஆஃப் ஸ்பெயின், சுவா, போர்ட் லூயிஸ், ராட்டர்டாம். ஆனால் எனக்கு ஊர்கள் நினைவில் இருப்பது பிளக் பாயிண்ட்டை வைத்துத்தான். நம் வீட்டு கீஸரில் இருக்கிற 15 ஆம்ப் மூன்று தடிக்கால் பிளக் தென்னாப்பிரிக்காவில் அப்படியே சுவரில் நுழையும், சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். டிரினிடாடில் 115 வோல்ட், நம் அயர்ன் பாக்ஸ் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. ஃபிஜியில் சாய்ந்த கால். இங்கிலாந்தில் பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ். கடல், கோட்டை, மியூசியம் எல்லாம் மற்றவர்கள் எடுத்த ஃபோட்டோவில் பார்த்ததுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றவள் இத்தனை ஊரில் துணிக்கு அயர்ன் போட்டிருக்கிறேன் என்பதே எனக்குப் பெருமைதான்.

லெஸ்டரில் டி மோன்ட்ஃபோர்ட் ஹாலில் ஷோ, 1913இல் திறந்த பழைய ஹால். அன்று ராத்திரி எனக்கு ஆனது ஆனது. மறுநாள் எங்கள் ஷோ ஆட்கள் கிளாஸ்கோ போக வேண்டும், போனார்கள். ஷோ நிற்காது, நிற்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை, டிக்கெட் விற்றாகிவிட்டது. என் அசிஸ்டெண்ட் பெண் அழுதுகொண்டே பெட்டியை எல்லாம் ஏற்றினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கண் விழித்தபோது ஜன்னலும் டியூபும் பேச்சு புரியாத நர்ஸுகளும்தான். நல்ல பெண்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் படுத்திருப்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து கை சும்மா இருந்ததில்லை எனக்கு. வலியைக்கூடத் தாங்கிவிடலாம் என்று இருந்தது, அந்தச் சும்மா கிடப்பதைத் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் பஸ் அங்கிள் வந்தார். டூர் முழுக்க அவரோடு எங்களுக்கு இருந்த உறவு சண்டை உறவு. அந்த ஊர்ச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும், டான்ஸ் பசங்களுக்குத் தூக்கம், மாஸ்டர்ஜிக்கு அவசரம், அவர் மட்டும் அசையவே மாட்டார், ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பார். ஓய்வு நாளும் அப்படித்தான், அவர் எடுத்தே ஆக வேண்டும், வேறு டிரைவர் வருவார். கிளாஸ்கோவில் அந்த ஓய்வு கிடைத்ததும் ரயில் பிடித்து லெஸ்டரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தவர், வீட்டுக்குப் போகும் முன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கையில் என் தையல் பெட்டி.

என் சூட்கேஸ் இல்லை, ஃபோன் சார்ஜர் இல்லை, பழம் இல்லை. தையல் பெட்டி. பஸ்ஸில் அதை நான் மடியிலேயே வைத்திருப்பேன், மேலே ரேக்கில் வைக்க விடமாட்டேன். கண்ணாடியில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். கத்தரிக்கோலை மட்டும் தனியாக எடுத்து ஒரு கவரில் போட்டு வார்டு சிஸ்டரிடம் கொடுத்து, எது எதற்கு என்று விளக்கி, ஊசிக்கு அனுமதி வாங்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். கூடவே ஒரு பையில் ஒரு மஞ்சள் பிளவுஸ். குஜராத்தி கலந்த ஹிந்தியில் சொன்னார், "பெஹன், இதில் கொக்கி எல்லாம் போய்விட்டது, நாளை மறுநாள் ஷோவுக்கு வேணுமாம், உங்களால்தான் முடியும்னு சொன்னாங்க."

பிளவுஸை வாங்கிப் பார்த்தேன். முதல் விஷயம், அது ஷோ துணியே இல்லை. உபரிக்கு எடுத்து வந்தது, எந்தப் பாட்டிலும் இல்லை, பெட்டியின் அடியில் கிடக்கும். இரண்டாவது, இழுபட்டுப் பிய்ந்த கொக்கி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், துணி கொஞ்சம் கிழிந்து, நூல் பிசிறு பிசிறாகத் தொங்கும். இதில் ஒவ்வொரு நூலும் நேராக, சுத்தமாக, கத்தரியால் நறுக்கியிருந்தது. எனக்கு வேலை கொடுப்பதற்காக யாரோ உட்கார்ந்து நல்ல பிளவுஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கை நடுங்கியது, ஊசியில் நூல் கோர்ப்பதற்கே வெகுநேரம் ஆனது, அவர் உதவிக்கு வரவில்லை, அதற்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொக்கியாகத் தைத்தேன். நாலாவது கொக்கிக்கு மேல் கை பழைய கை ஆகிவிட்டது. அழுதேனா என்றால் அழுதேன், நர்ஸ் வலி என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்தாள்.

தைக்கும்போது அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். 1972இல் இடி அமீன் 90 நாளில் ஆசியர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொன்னபோது கம்பாலாவில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தாராம். லெஸ்டருக்கு வந்ததும் அவருடைய அம்மா பனியன் கம்பெனியில் தையல் வேலைக்குப் போனார்களாம், அந்த ஊரில் அப்போது அந்தத் தொழில்தான் பெரிசு. அம்மா கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டில் இருந்து என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார்களாம், விரல் மட்டும் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பார்க்குமாம். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பிளவுஸை வாங்கி, கொக்கிகளை ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்து, "ஏ ஒன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தோள்பட்டை பிரிந்த ஒரு குர்தாவோடு வந்தார். இதுவும் அதே கத்தரிதான்.

யார் வெட்டியது என்று நான் கேட்கவே இல்லை. என் அசிஸ்டெண்ட் பெண்ணாக இருக்கலாம், அவளுக்கு என் கை எப்படிப்பட்டது என்று தெரியும். அங்கிளே வெட்டியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் உட்கார்ந்து வெட்டியிருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன். அடியே, இதைப் படித்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணி உண்மையைச் சொல்லாதே.

படுக்கையில் ஒரு விஷயம் யோசித்தேன். ராத்திரி ஓட்ட வேண்டும் என்று டிரைவர்கள் ஷோ நேரத்தில் பஸ்ஸிலேயே படுத்துவிடுவார்கள். எத்தனை நாட்டில் எத்தனை டிரைவர்கள், ஒருத்தர்கூட நாங்கள் மேடையில் என்ன செய்கிறோம் என்று பார்த்ததே இல்லை. மேடையில் இருப்பவர்களை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், எங்களை மேடையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், அந்த மனுஷர் கண்ணாடியில் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அடுத்த டூரில் பக்கவாட்டில் என் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் டிரைவருக்கு ஒரு நாற்காலி போடுவேன், ஒரு பாட்டாவது பார்க்கட்டும். ஸ்டேஜ் மேனேஜர் கத்துவார், கத்தட்டும்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். இனி இன்ஷூரன்ஸ் தாளின் நகல் கையில் வராமல் நானும் ஏறமாட்டேன், என்னோடு வேலை செய்யும் பெண்களையும் ஏற விடமாட்டேன். யார் கம்பெனி என்றாலும் சரி, எந்த ஸ்டார் என்றாலும் சரி. ஒவ்வொருத்தர் பெயரிலும் ஒரு பக்கம்: ரத்தப் பிரிவு, சாப்பிடுகிற மாத்திரை, பழைய ஆபரேஷன், வீட்டு ஃபோன் நம்பர், வீட்டில் யாருக்கு ஹிந்தி தெரியும். ஒரு நகல் மேனேஜரிடம், ஒன்று டிரைவரிடம், ஒன்று என் பெட்டிக்குள். படிவத்தைத் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன், டான்ஸர் பசங்களுக்கும் லைட் ஆட்களுக்கும் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை போய்விடும் என்று பயந்து கேட்காமல் இருக்காதீர்கள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள்.

அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இதை அவருக்கு ஹிந்தியில் சொல்லிவிடுங்கள், கத்தரி விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பணம் கொடுத்தவர்கள் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது, என் தம்பி எழுதியது, சில இடத்தில் "லைட் அண்ணன்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறான், எந்த லைட் அண்ணன் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் எவ்வளவு என்று தயவுசெய்து சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவேன், வேண்டாம் என்பவர்களுக்கு பிளவுஸ் தைத்துத் தருவேன், ஆண்களாக இருந்தால் வீட்டம்மா அளவோடு வாருங்கள்.