மாடி எடுக்கும் முன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பது பற்றி உங்கள் வீட்டுமனை இணைப்பில் வந்த கட்டுரை, சதுர அடிச் செலவு, வங்கிக் கடன், அனுமதி மூன்றையும் விரிவாகச் சொன்னது. கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்குக் கிடைத்தது ஒரே வரி: 'பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளவும்'. எப்படி உறுதி செய்வது? பல வீடுகளில் இந்தக் கேள்வி, 'மூணு மாடிக்குப் போட்ட கடக்கால் சார்' என்ற மேஸ்திரியின் வாக்கோடு முடிந்துபோகிறது. துருவிக் கேட்டால் 'அஞ்சடி ஆழம்' என்பார். ஆழத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடி அகலம் எவ்வளவு, அதற்குக் கீழே என்ன மண் என்று தெரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூண் இல்லாத, சுவரே பாரம் தாங்கும் வீடு. மூன்றரை மீட்டர் அகலமுள்ள இரண்டு அறைகளுக்கு நடுவே 9 அங்குலச் சுவர்; இரு பக்கத் தளமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டால், ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம், அதன்மேல் சுருக்கியும் (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளப்பூச்சு) தட்டோடும், ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து சுமார் 2.3 டன். பத்தடிச் சுவரும் பூச்சும் 1.5 டன். தரைக்குக் கீழுள்ள கட்டுமானம் இன்னொரு 1.5 டன். மொத்தம் 5.3 டன். கடக்கால் இரண்டரை அடி அகலம் என்றால் மண்மீது சதுர மீட்டருக்கு 7 டன் இறங்குகிறது. ஒரு மாடி ஏறினால் கூடுவது சுமார் 3.6 டன், மண்ணின் மீதான அழுத்தம் 12 டன்னை நெருங்கும். நல்ல இறுகிய மண்ணுக்கு இது பொருட்டில்லை. மெத்தென்ற களிமண்ணில் 10 டன்னுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கட்டைவிரல் சிரமமில்லாமல் உள்ளே இறங்கும் அளவுக்குத் தளர்ந்த களியென்றால் 5 டன்தான். அதே வீடு, அதே மேஸ்திரி. ஒரு தெருவில் நிற்கும், அடுத்த தெருவில் விரிசல் விடும்.

ஆகவே குழி தோண்டித்தான் பார்க்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, அதிக பாரம் இறங்கும் நடுச்சுவரை ஒட்டி வீட்டுக்குள் ஒன்று. தரை ஓட்டைப் பெயர்க்க மனம் வராமல் உள்குழியைத் தவிர்த்துவிடுகிறார்கள், முக்கியமானது அதுதான். மூன்றடிக்கு மூன்றடி போதும். கடக்காலின் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே சுரண்டக் கூடாது. ஒரே சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு குழிகளைத் திறந்து போடவும் கூடாது. டேப் பிடித்து அகலம், ஆழம், அடிக் காங்கிரீட்டின் கனம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கருங்கல் கட்டு என்றால் கம்பியால் குத்திப் பாருங்கள். சிமென்ட் கலவையா, வெறும் மண் சாந்தா என்று உடனே தெரியும். கழிவுநீர்க் குழாய்க் கசிவு, மர வேர், ஊறிப்போன செங்கல் எல்லாம் கண்ணில் படுவதும் இங்கேதான். வேலை முடிந்ததும் அரையடி அரையடியாக மண் போட்டு, நனைத்து, திமிசு கட்டையால் இடித்து மூட வேண்டும். தளர்வாக மூடிய குழி அடுத்த மழைக்குத் தண்ணீரை நேராகக் கடக்காலுக்கு அழைத்துப்போகும்.

கண்ணால் பார்த்து மண்ணை எடைபோடுவது ஓரளவுக்குத்தான் சரி. முற்றத்தில் இடமிருந்தால் ஒரு துளையாவது போட்டு, தரநிலை ஊடுருவல் சோதனை (குழாயை எடையால் அடித்து இறக்கி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். கடக்கால் அடியிலிருந்து அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரையாவது மண் என்னவென்று தெரிய வேண்டும். மேலே இறுகிய சவுடும் கீழே சேறும் இருப்பது ஏரியைத் தூர்த்த மனைகளில் சாதாரணம். கோடையில் மட்டும் சோதித்து ஏமாறாதீர்கள். மணலில் நிலத்தடி நீர் கடக்கால் மட்டம் வரை ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பக்கத்துக் கிணற்றைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கரிசல் பூமியில் வேறு தொல்லை: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அங்கே தாங்குதிறன் எண் மட்டும் பார்த்துப் பயனில்லை.

'இருபது வருஷத்தில் மண் நன்றாக செட் ஆகிவிட்டது' என்பார்கள். பாதி உண்மை. இப்போதுள்ள பாரத்துக்கு அமர்ந்துவிட்டது. புதிய பாரத்துக்கு மறுபடி அமரும். அதிலும் பாதி வீட்டுக்கு மட்டும் மாடி எடுத்தால் அந்தப் பாதி மட்டும் இறங்கும். பழைய பாதியும் மாடி எடுத்த பாதியும் சேரும் இடத்தில் விரிசல் வரும்.

தூண் வைத்த வீடுகளில் குழி பூட்டிங் (தூணுக்கு அடியிலுள்ள அகலமான காங்கிரீட் பீடம்) வரை போக வேண்டும். நான்கடிக்கு நான்கடி பூட்டிங், 9 அங்குலத் தூண், நான்கு 12 மி.மீ. கம்பி என்பது பழைய வீடுகளில் வழக்கமான அளவு. ஒரு தளத்துக்குச் சரியாக இருந்திருக்கும். சென்னையை நிலநடுக்க மண்டலம் 3-இல் சேர்த்தது 2002-இல். அதற்கு முந்தைய தூண்களின் கணக்கில் அந்த அளவு நிலநடுக்க விசை சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. காங்கிரீட்டில் மோதித் திரும்பும் வேகத்தை வைத்து அதன் பலத்தை ஊகிக்கும் சுத்தியல் சோதனை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காற்றின் கரியமில வாயு ஊறி கார்பனேற்றம் அடைந்த பழைய காங்கிரீட்டின் மேற்பரப்பு கெட்டிப்பட்டு, எண் கூடுதலாகக் காட்டும். சந்தேகமென்றால் மீயொலிச் சோதனையும் (ஒலியலை செலுத்திப் பார்ப்பது), மூன்று இடங்களில் கோர் (காங்கிரீட்டிலிருந்து உருளைத் துண்டு) எடுப்பதும் நல்லது.

மொட்டை மாடியில் வானம் பார்த்து நிற்கும் கம்பிகளும் அப்படித்தான். 12 மி.மீ. கம்பி துரு ஏறி 10 மி.மீ. ஆகிவிட்டால் அதன் பலத்தில் 30 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு புதுக் கம்பியைக் கட்டுக்கம்பியால் முடிந்து தூண் எழுப்புவது கண்துடைப்பு. தூண் தலையை உடைத்து, துருப்பிடிக்காத கம்பி வெளிப்பட்ட பிறகு, விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு இரண்டடி, பழைய கம்பியும் புதுக் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று போக வேண்டும்.

சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் பதற வேண்டாம். மேல்தளத்துக்கு அடியில் படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாக இறங்குவதுதான் கவலை தருவது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் நகர்கிறது. மாடிப் பேச்சைத் தள்ளிவையுங்கள்.

கணக்கு இடித்தால் பாரத்தைக் குறைப்பதே மலிவான வழி. ஏ.ஏ.சி. பிளாக் என்னும் காற்றறைகள் நிறைந்த இலகுவான கல், அதே அளவு செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். பழைய சுருக்கித் தளத்தைக் கட்டாயம் கொத்தி எடுக்க வேண்டும். அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டுவோர் சதுர மீட்டருக்கு 200 கிலோவைச் சும்மா சுமக்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் என்பதும் நினைவிருக்கட்டும். கடக்காலை அகலப்படுத்துவதென்றால் மூன்று நான்கடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். ஒரே நாளில் சுவர் நெடுகத் தோண்டினால் சுவர் அந்தரத்தில் நிற்கும். பூட்டிங்கைத் தொடாமல் தூணுக்கு மட்டும் ஜாக்கெட் (சுற்றிலும் புதுக் காங்கிரீட் உறை) போடுவது, மண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பாரம் கூட்டுவதுதான்.

2024 ஜூலையில் வந்த தமிழக அரசின் சுய சான்று முறையில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இருக்கும் வீட்டின் மேல் மாடி கேட்போர் எவராயினும், எந்த முறையில் விண்ணப்பித்தாலும், குழியில் டேப் வைத்து எடுத்த படமும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட பாரக் கணக்கும் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். அதற்கு ஒரு நாள் கூலியும் ஒரு பக்கக் கணக்கும் போதும்.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்,
தாம்பரம்.