விடுதியை அவள் ஏன் காலி செய்ய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது? விடுதி அறையைக் காலி செய், நாடகக் குழுவுக்குப் போகாதே, இருட்டுமுன் வீட்டுக்கு வா, பாட்டி காதுக்குப் போகக் கூடாது. என் உறவில் ஒரு வீட்டில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாசத்திலும் பயத்திலும்தான் செய்தார்கள், சரி, ஆனால் வன்முறை செய்தவன் வழக்கம்போல வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான், அவள்தான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள்.

அவள் விருப்பத்தை மதிக்காமல் ஒருவன் நடந்துகொண்டதால் வந்த காயம் இது. நாமும் அவளைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் முடிவு செய்தால் எப்படி ஆறும்? தடயங்கள் சீக்கிரம் அழிந்துவிடும், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் போலிசுக்குப் போவதா, விடுதியில் இருப்பதா, ஒரு பருவம் விடுப்பு எடுப்பதா என்பதை அவள் சொல்லட்டும். ‘அங்கே ஏன் போனாய்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகு அவள் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

2019ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தான் குளிப்பதைப் படமெடுத்தவனுக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று வெளிப்படையாகப் பேசினார். அதன் பிறகுதான் அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி ஆதரவுப் பிரிவு வந்தது. பெண்கள் உரிமைக்காகப் பாடுபடும் அவேர் அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையத்தில் ஆலோசனை கிடைக்கும், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கூடவே வருவார்கள். வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பையன்களுக்கும் இது நடக்கிறது, 2020 முதல் சட்டமே ஆண்களையும் பாலியல் வல்லுறவால் பாதிக்கப்படக்கூடியவர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவர்களும் தயங்காமல் உதவி கேட்க வேண்டும்.

கல்லூரிகளிடம் ஒன்று கேட்கிறேன். விசாரணை முடிந்ததோடு கோப்பை மூடிவிடாதீர்கள். தூக்கமின்மையும் திடீர் நடுக்கமும் பல மாதம் கழித்து, சரியாகத் தேர்வு நேரத்தில்கூட வரலாம், அப்போது ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் தனித்தனியாகப் போய் நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லித்தான் அவகாசம் வாங்க வேண்டும் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? பொறுப்பான ஒரே ஆள் எல்லோரிடமும் பேசி ஏற்பாடு செய்தால் போதும், காரணத்தைக்கூடச் சொல்லத் தேவையில்லை.

இந்த உதவிகளை எல்லாம் பெற்றோருக்குப் புரியும்படி விளக்கி, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் உங்கள் இதழில் ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்